ஆறு பெட்டிக் கசப்பு

எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு பொம்பளை ரோடு போடுகிற தாரைப் பாலில் கரைத்து லாரி டிரைவர்களுக்குக் கொடுக்கிறாளாம்; குடித்தவன் கல்கத்தா போய்ச் சேரும்வரை கண்ணை மூட மாட்டானாம். இதை எனக்குச் சொன்னவர் கும்மிடிப்பூண்டி பஸ் கண்டக்டர். அவர் குடித்ததில்லை. அவருக்குச் சொன்ன மச்சானும் குடித்ததில்லை. மச்சானுக்கு யாரோ ஒரு கிளீனர் சொன்னானாம்.

1977ஆம் வருஷம் அது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்திருந்தன. போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு கம்பெனியின் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். எந்தச் செய்தியைக் கேட்டாலும் பயந்துவிடுகிற ஆள். எங்கள் சரக்கு லாரிகளும் அந்த வழியாகத்தானே போகின்றன, எவனாவது தாரைக் குடித்து எங்காவது கவிழ்ந்து கிடந்தால் கேள்வி நம் ஆபீசுக்குத்தானே வரும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு எளாவூர் போனேன்.

ரோட்டோரம் ஓலைக் கொட்டகை. வெளியே வரிசையாக லாரிகள். உள்ளே அடுப்பில் அண்டா நிறையப் பால். பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் அரிவாள்மனையில் கன்னங்கரேலென்று ஒரு பாளத்தைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவிக்கொண்டே பேசினாள். எதிரில் யாரும் இல்லை.

"இது உன் மூக்கு. இது காது. இரு, இரு, நாக்குக்கு வரேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் சடையப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாத நைனா, உன்ன இல்ல. ஆதிநாராயணன்னு ஒருத்தன். தெனம் காலைல அவன அறுத்தாத்தான் இவளுக்கு நாஷ்டா எறங்கும்" என்றார்.

"இது தாருங்களா?" என்று கேட்டேன்.

"தாரு!" அந்த அம்மாள் ஒரு சீவலை நீட்டினாள். "அவன்தான் ஊர் பூரா அப்பிடி சொல்லிகினு திரியறான். வாய தொற. தொறன்றேன்ல."

முதலில் கசப்பு. பிறகும் கசப்பு. அதற்கப்புறம் நாக்கின் அடியில் எங்கேயோ வறுத்த வாசனை மாதிரி ஒன்று பரவி, தொண்டை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் கொடுத்த பாலையும் குடித்தேன். சர்க்கரையும் சுக்கும் போட்டுச் சூடாக இருந்தது. அன்று திரும்பி வருகையில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை.

"சாக்லேட்டு" என்றாள். "போன சித்திர வரைக்கும் இந்தப் பேரே எனக்குத் தெரியாது."

அந்த அம்மாளின் பெயர் கெங்கம்மாள். அதற்குப் பிறகு பல காலைகளில் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து துண்டு துண்டாக நான் கேட்டதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து இவ்வளவு வருஷமான பிறகு, ஏதாவது ஒன்றைத் தவறாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. அவள் விஷயத்தில் தப்பாகச் சொல்வது நல்லதல்ல.

கெங்கம்மாளின் நிஜமான தொழில் டீக்கடை அல்ல. அந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்குச் சீர்த் தட்டில் வைக்கும் அதிரசம் சுடுவதுதான். எந்த வீட்டில் நிச்சயமானாலும் முதலில் ஆள் வருவது அவளிடம். "கெங்கம்மா சுட்டது" என்றால் மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் என்று பேர்.

இந்தப் பேச்செல்லாம் அந்த வருஷம் தை மாதத்தோடு போயிற்று.

செக்போஸ்டில் வழக்கு முடிந்தும் யாரும் கேட்டு வராத சரக்குகளை ஏலம் விடுவார்கள். ஆதிநாராயணன் ஏலச் சரக்கு வாங்கி விற்கிற தரகர். மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. கம்பெனிகளுக்கு ஆயுத பூஜைப் பொரி கடலை சப்ளையும் அவர்தான். அந்தத் தை மாதம் ஆறு மரப்பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கெங்கம்மாள் வாசலில் வந்து இறங்கினார்.

"வங்காளத்துப் பனைவெல்லம், கெங்கம்மா. வடக்க இதுலதான் எல்லாம் செய்வாங்க. நம்ம ஊரு வெல்லம் இதுக்குக் கால் தூசு."

கெங்கம்மாள் ஒரு பாளத்தை எடுத்துப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. மேலே வெள்ளையாக லேசாகப் பூத்திருந்தது. பழைய கருப்பட்டியும் அப்படித்தானே பூக்கும்? மலிவாகவும் சொன்னார். நெல்லுக்காரர் பூவராகவன் வீட்டில் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறையும் இறக்கச் சொல்லிவிட்டாள்.

"நாக்குல வெச்சிப் பாத்திருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

சடையப்பன் அவசரமாக எனக்குக் கண் காட்டினார். ஆனால் அவள் கோபப்படவில்லை. "சீருக்குன்னு வந்தத யாராவது வாயில வெப்பாங்களா? உங்க ஊட்ல வெப்பீங்களா?" என்றாள்.

எங்கள் வீட்டிலும் வைக்க மாட்டார்கள். சீருக்கென்று வந்த சாமான் அரிசியானாலும் வெல்லமானாலும், மாப்பிள்ளை வீட்டார் பல்லில் படும் முன்னால் வேறு யார் பல்லிலும் படக் கூடாது. செய்கிறவளின் பல்லில் படவே கூடாது. பதமெல்லாம் கண்ணாலும் கையாலும்தான். இருபது வருஷமாக அப்படியே சுட்டவள் அவள்.

பாகு கம்பிப் பதத்துக்கு வரவில்லை. தண்ணீர் பட்டதும் மணல் மாதிரி திரிந்து நின்றது. வடக்கத்தி வெல்லம், அதன் குணம் வேறு போலிருக்கிறது என்று, வீட்டில் இருந்த நம்மூர் வெல்லத்தையும் தட்டிப் போட்டு எப்படியோ மாவில் சேர்த்தாள். சுட்ட அதிரசம் நிறமாகத்தான் இருந்தது. இருபத்தொரு தட்டு.

சூளூர்ப்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை ஒன்றை எடுத்துக் கடித்தாள். பந்தல் நடுவில், நூறு பேர் பார்க்கத் துப்பினாள். "இன்னாம்மா இது, வேப்பம்புண்ணாக்கா? எங்க பையனுக்குக் கசப்பு ஊட்டிதான் அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். தாலி கட்டியது கட்டியபடி இருந்தது. ஆனால் இருபத்தொரு தட்டும் வந்த வழியே திரும்பின. பூவராகவன் தலை குனிந்து நின்றார்.

கெங்கம்மாள் பந்தலுக்குள் ஓடி வந்து, "வெல்லம் ஆதிநாராயணன் குடுத்தது! அதான் கசக்குது!" என்று கத்தினாள்.

பந்தியில் உட்கார்ந்திருந்த ஆதிநாராயணன் இலையை விட்டு எழுந்திருக்கவேயில்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நான் நல்ல வெல்லம்தான் குடுத்தேன். கெங்கம்மாவுக்குக் கை போய்ட்சி. வயசாவுதில்ல, பாவம்" என்றார்.

பந்தல் சிரித்தது. சிரிக்காதவர்களும் நம்பினார்கள். அந்த மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் எந்தக் கல்யாண வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை.

மீதிப் பெட்டிகளை அவள் ஏரியில் எறியத்தான் இருந்தாள். அப்போது மீஞ்சூரில் பேக்கரி வைத்திருந்த பாக்கியநாதன் எதற்கோ எளாவூர் வந்தவர், டீ குடிக்கையில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"அட, இங்கதான் வந்து சேந்துதா இது? இது சாக்லேட்டுமா. சர்க்கர போடாதது. ஆதிநாராயணன் ஒரு பாளத்த எடுத்துகினு எங்கிட்ட வந்து இன்னான்னு கேட்டாரே! கசக்கும்யா, தனியா திங்க முடியாது, எனக்கு வேணாம்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

"எப்ப?"

"போன மார்கழில."

மார்கழிக்குப் பிறகுதான் தை. கெங்கம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் வைத்தாள் என்று சடையப்பன் பெருமையாகச் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நான் வேணா ஊர்ல வந்து சொல்லட்டா?" என்று பாக்கியநாதன் கேட்டிருக்கிறார்.

"நீ சொன்னா மீஞ்சூர்க்காரன் இன்னாவோ ஒளர்றான்னுவான். வேணாம். அவன் வாயால சொல்லணும். பூவராகவன் ஊட்டு வாசல்ல, அன்னிக்கு சிரிச்சாங்களே, அவங்க எதிர்ல. தெரிஞ்சிதான் குடுத்தேன்னு. அதுவரைக்கும் நான் உட மாட்டேன்." பாளத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத எப்பிடித் திங்கறது?" என்று கேட்டாளாம்.

அவர் சொன்னது ஒரே ஒரு பேச்சு. நெருப்பு காட்டாதே, ஆவி காட்டு. தண்ணி ஒரு சொட்டு படக் கூடாது. மற்றதை அவளே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள்.

அவசரத்தில் முதல் பாளத்தை நேராக அடுப்பில் வைத்தாள். அடிப்பிடித்துக் கொட்டகை முழுக்கப் புகை. அடுத்ததை இட்லிப் பானை மேல் கிண்ணத்தில் வைத்து உருக்கினாள். அழகாக உருகி வந்தது. ஈரக் கரண்டியால் கிண்டினாள், மறுபடியும் மணலாகத் திரிந்தது. கொட்டிவிடப் போனவள், போகிற போக்கில் கொதிக்கும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மத்தால் கடைந்து பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீருக்குத் திரிந்தது, நிறையப் பாலுக்கு வழிக்கு வந்து பளபளவென்று நின்றது. திரிந்துபோனால் அழ வேண்டாம், சூடான பாலை ஊற்றிக் கடை என்று அதிலிருந்து யார் கேட்டாலும் சொல்வாள். கடைந்ததில் வறுத்த கேழ்வரகு மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிடித்தால் உருண்டை.

அதைவிடச் சுலபம் இன்னொன்று. காய்ந்த கிண்ணத்தில் ஆவியில் உருக்கி, பொடித்த சர்க்கரை போட்டு, வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கொட்டிக் கிளறி, தேக்கிலையில் கரண்டி கரண்டியாக வைத்துவிடுவது. ஆறினால் தானே இறுகும். பாகு இல்லை, பதம் இல்லை. அடுப்பு மூட்டத் தெரியாதவன்கூடச் செய்யலாம். "இதுக்குக் கையே வேணாம். கை போனவதான நானு!" என்பாள். தேங்காய்த் துருவலில் போட்டும் பார்த்தாள். அதையெல்லாம் விட விற்றது பால்தான். சீவலைக் கொதிக்கும் பாலில் போட்டால் முடிந்தது வேலை.

வெயிலில் பெட்டிக்குள்ளேயே உருகி ஓடியதால், வீட்டுக்குள் ஆற்று மணலைக் கொட்டிப் பெட்டிகளைப் பாதி புதைத்து மேலே ஈரச் சாக்கு போட்டு வைத்தாள். சடையப்பன் இரண்டு வேளை தண்ணீர் தெளிப்பார். "எங்க அம்மாவக்கூட இப்பிடி பாத்துக்கல நானு" என்பார்.

ஆதிநாராயணனுக்குச் செய்தி போயிற்று. அவர் பரப்பியதுதான் அந்தத் தார்க் கதை. கடையை மூட வைக்கலாம் என்று நினைத்தார் போலும். ஆனால் தூக்கம் வராத பால் என்று கேட்ட லாரிக்காரர்கள் நாயுடுபேட்டையிலிருந்தே விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். "தார்ப்பால் ஒண்ணு போடும்மா" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் கெங்கம்மாள், "போடறேன் நைனா, அவன் வாய்ல கொஞ்சம் ஊத்திட்டு உனக்குத் தரேன்" என்பாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் மானேஜர் இந்த வருஷம் பொரி கடலையோடு புதிதாக ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டபோது நான் கெங்கம்மாள் பேரைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, ஆதிநாராயணன் என் மேல் வன்மம் வைப்பாரே என்று. அவள் ஒரே நிபந்தனை வைத்தாள்.

"பொட்டலத்துக்குள்ள பேரு எழுதின சீட்டு வெக்கணும். எளாவூர் கெங்கம்மா கையால செஞ்சதுன்னு. எல்லாரும் படிக்கிற மாதிரி."

எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. நான் ஐந்தாவது வரை தெலுங்கிலும் பிறகு தமிழிலும் படித்தவன். இரண்டு எழுத்திலும் எழுதி ஸ்டென்சில் எடுத்து முந்நூறு சீட்டு ஓட்டிக் கொடுத்தேன். அவள் ஒரு சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "இதுல கை எங்க இருக்குது?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

கறுப்பு உருண்டை ஆளுக்கு நான்காக முந்நூறு வீடுகளுக்குப் போயிற்று. ஆதிநாராயணனுக்கு அந்த வருஷம் எங்கள் கம்பெனி ஆர்டர் இல்லை. பக்கத்து இரண்டு கம்பெனிகளும் அவரை விட்டுவிட்டன.

அதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை.

கார்த்திகையில் ஆதிநாராயணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை எங்கள் கம்பெனி ஃபோர்மேன் ராஜமாணிக்கத்தின் மகன். ராஜமாணிக்கத்தின் மனைவிக்கு ஆயுத பூஜை உருண்டையின் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. பெண் வீட்டுத் தட்டில் அதிரசமெல்லாம் வேண்டாம், எளாவூர் கெங்கம்மா உருண்டைதான் வேண்டும், சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன் என்று கறாராகச் சொல்லி அனுப்பினாள். அப்போது கெங்கம்மாளிடம் இருந்தது கடைசிப் பெட்டி. அந்தச் சரக்கு மதராஸிலேயே கிடைக்காது என்று பாக்கியநாதன் சொல்லியிருந்தார்.

முதலில் ஆதிநாராயணனின் மைத்துனர் புடவையும் பழத்தட்டுமாக வந்தார். பழத்தை லாரிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் புடவையைத் திருப்பி அனுப்பினாள். அடுத்து ஆதிநாராயணனே வந்தார், மத்தியானத்தில், கொட்டகையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

"சரி கெங்கம்மா. தெரிஞ்சிதான் குடுத்தேன். தப்புதான். போதுமா?"

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? எனக்குத் தெரியாதா?"

"வேற இன்னா பண்ணணும்ன்ற?"

"பூவராகவன் ஊட்டு வாசல். அன்னிக்கு இருந்தவங்க எல்லாரும். நானும் நிப்பேன். நீ சொல்லு, என் கை போவலன்னு."

"பொண்ணு நிச்சயத்த வெச்சிகினு ஊர் நடுவுல நான் திருடன்னு சொல்லிக்கணுமா? நியாயமா பேசு."

"நீ சொல்லலன்னா உங்க சம்பந்தியம்மாவுக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

அவர் போனதும் சடையப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சி கெங்கா? பாவம், அதுக்காகவாவது..."

"பூவராகவன் பொண்ணு இன்னா பண்ணிச்சி? அது மாமியார் ஊட்ல இன்னிக்கும் கசப்பு மருமவன்னுதான் பேரு. எனக்கு மட்டுமா பண்ணான் அவன்?"

சடையப்பன் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் கடைசிப் பெட்டியை வேகமாகத் தீர்க்க ஆரம்பித்தாள். தினம் ஒரு பாளம் சீவியவள் இப்போது மூன்று சீவினாள். லாரிக்காரர்களுக்கு இரண்டு மடங்கு கறுப்பாகப் பால். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு உருண்டை கொடுத்தாள். எங்கள் கம்பெனிக்கும் காலைப் பத்து மணிக்கு ஒரு தூக்கு நிறையக் கொண்டுவருவாள். ஊரே பாளங்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஆதிநாராயணனுக்கு யாராவது போய்ச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்: பன்னிரண்டு, ஒன்பது, நான்கு.

நிச்சயத்துக்கு முதல் நாள் காலை, எங்கள் ஆபீஸ் வராந்தாவில் அவள் ஸ்டவ் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். கொண்டுவந்திருந்தது கடைசிப் பாளம். உருண்டையாகப் பிடித்தால் ஒரு தட்டுக்கு வரும். அரிவாள்மனையை விரித்து உட்கார்ந்தாள். இடைவேளை முடிந்து வேலை மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆட்கள் டம்ளரோடு சுற்றி நின்றார்கள்.

ராஜமாணிக்கம் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார்.

"கெங்கம்மா, நிறுத்து, நிறுத்து! நானும் கெஞ்சிட்டு வந்துட்டேன் ஆதிநாராயணன. பூவராகவன் ரைஸ் மில்லுக்கு எல்லாரையும் கூட்டினு வந்து உக்கார வெச்சிருக்கான். சொல்றேன்றான். ஆனா உன் மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாதாம். மில்லுலேந்து போன் பண்றானாம், நீ இங்க கேட்டுக்கோன்றான்."

"எல்லாரும் அங்க இருக்காங்களா?"

"இருக்காங்கன்னுதான் சொன்னான்."

"நீ பாத்தியா?"

ராஜமாணிக்கம் கழுத்து வேர்வையைத் துடைத்தார். "நான் அவன் ஊட்லேந்து நேரா இங்க வந்துட்டேம்மா."

கெங்கம்மாள் கத்தியின் மேல் பாளத்தை வைத்தாள். "கதவ மூடிகினு தனியா உக்காந்து போன்ல சொன்னாலும் இதே சத்தம்தான் கேக்கும்."

உள்ளே என் மேஜை மேல் டெலிபோன் அடித்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். உண்மையிலேயே நூறு பேரும் அந்த மில்லில் உட்கார்ந்திருந்தால்? அவர் உண்மையிலேயே சொல்லத் துணிந்திருந்தால்? இத்தனை மாதமாக அவள் கேட்டது அந்தக் கம்பிக்குள் வந்து நின்றுகொண்டிருக்கலாம். ஒரு நிமிஷத்தில் அறுந்தும் போகலாம்.

"அக்கா, எடுத்துப் பாக்கட்டுமா? பூவராகவன் பேசினா கேட்டுடலாம், அவர் அங்க இருக்காரான்னு..."

"கை வெச்ச, நாளைக்கு உன் ஊட்டு சீரும் கசக்கும்." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "என்னிய நூறு பேரு பாத்தாங்க. நான் நின்னேன். அவனும் நிக்கட்டும். வரட்டும் இங்க, இத்தினி பேரு எதிர்ல சொல்லட்டும். மில்லுலேந்து இங்க வர எவ்ளோ நேரம்? கால் மணி. பால் கொதிக்கிற வரைக்கும் இருக்கேன்."

பால் ஓரங்களில் மெல்ல நுரை கட்ட ஆரம்பித்திருந்தது. ராஜமாணிக்கம் ரோட்டைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், சைக்கிளைத் திரும்ப எடுத்தார். ஆட்கள் யாரும் டம்ளரை நீட்டவில்லை. அவள் பாளத்தில் கை வைத்தபடி, சீவாமல், வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே டெலிபோன் நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.